நூற்று நான்கில் நின்ற பூரணி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துத் தராசில் ஏறி நின்று எடை பார்த்த ஒரே மனுசி என் பெரியம்மா பூரணிதான். ஒருமுறை இருமுறை இல்லை. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆனி மாதம் தொடங்கி, சனிக்கிழமை தவறாமல். மத்தியானம் கடைசிக் கொழுந்து நிறுத்து முடியும். பெண்கள் சாக்கைச் சுருட்டுவார்கள். பெரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி தராசுப் பலகையில் ஏறுவார். அப்போது கொழுந்து மடுவத்தில், அதாவது நிறுக்கிற கொட்டகையில், நிற்கிற அத்தனை பேரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். காதை மட்டும் இங்கே விட்டு வைத்திருப்பார்கள்.

ஏன் கொழுந்துத் தராசு என்றால், தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தது இரண்டே தராசு. ஒன்று கைக்குழந்தையைத் தொங்கவிட்டு நிறுக்கிறது. மற்றது ஆள் ஏறுகிறது, ஆனால் அதில் முள் நூறோடு முடிந்துவிடும். பெரியம்மா நூறைத் தாண்டி வெகுகாலம். ஒருநாள் அதில் அவரை ஏற்றிவிட்டு, "பெரியம்மா, முள்ளு ஒரு சுத்து சுத்தி வந்து ஒன்னுல நிக்கிது. நீங்க இப்பதான் பொறந்திருக்கீங்க" என்று சொன்னேன். அதற்கு வாங்கிய குட்டு மூன்று நாள் வீங்கியிருந்தது.

பெரியம்மா பிறந்தது அறுபத்தைந்தில், இதே தோட்டத்து மேற்கணக்கில். கணக்கு என்றால் எங்களுக்குத் தோட்டத்தின் ஒரு பிரிவு. நோர்வூட்டில் பஸ் இறங்கி ஏறி வந்தால் முதலில் கீழ்க்கணக்கு, அதற்கும் மேலே மேற்கணக்கு. பதினாறு வயதில் கூடை மாட்டினார். கொழுந்து எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அம்மா சொல்வார். தன் அக்காவைப் பற்றி அம்மா நல்லதாகச் சொன்னது அது ஒன்றுதான் என்பதால் நம்பலாம். தொண்ணூற்று நான்கில் ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி வலது முழங்கால் பிசகியது. இனி மலை ஏற முடியாது என்று பிள்ளை மடுவத்தில் ஆயாவாகப் போட்டார்கள். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. நாற்பது படி ஏறினால் ஒரு நீள அறை, வரிசையாகத் துணி ஏணைகள், பால் காய்ச்ச ஓர் அடுப்பு. தோட்டத்தில் என் வயதுக்காரர் எல்லாரும் அந்த ஏணையில் தூங்கியவர்கள்தான். பெரியம்மாவுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. பெரியப்பா மூக்கனும் இரண்டாயிரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெரியம்மா பெருத்தது எப்படி என்று தோட்டத்தில் பல கதை உண்டு. செய்வினை என்றுகூடச் சொன்னார்கள். நான் கண்ணால் பார்த்த காரணம் வேறு. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த சோற்றை அவரால் கொட்ட முடியாது. இருபது பிள்ளை, ஆளுக்கு இரண்டு வாய் மிச்சம், பதினான்கு வருடம். அதோடு முழங்கால் வலி, அதோடு சீனி வருத்தம் என்கிற சர்க்கரை வியாதி. உட்கார்ந்த இடம் பெரிசாகிக்கொண்டே போனது. பிள்ளைகளுக்கு அதில் நல்ல லாபம். பெரியம்மாவின் மடியில் ஒரே நேரத்தில் மூன்று பேர் தூங்கலாம். கை கோத்து அவரைச் சுற்றி வளைக்கிற விளையாட்டு ஒன்றும் இருந்தது. பூட்டு விளையாட்டு என்று பெயர். பூட்டு விழ நான்கு பிள்ளை வேண்டும். அதைக் கண்டுபிடித்தது யார் என்று யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது.

இரண்டாயிரத்து ஆறில் அந்தப் படியில் கைக்குழந்தையோடு விழுந்தார். விழும்போதே திரும்பி மல்லாந்துவிட்டார். குழந்தை அவர் வயிற்றின்மேல் மெத்தையில் கிடக்கிற மாதிரி கிடந்து சிரித்தது. தோட்டம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். டிஸ்பென்சரி பரமலிங்கம் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் டொக்டர் ஐயா என்று கூப்பிடுகிறவர். முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இனிப் பிள்ளையளைத் தூக்கப்படாது, பூரணி. என்ர தராசில எப்ப நீங்கள் ஏறி நிக்க முள்ளு நிக்குதோ, அப்ப தூக்குங்கோ."

அதாவது நூறுக்குக் கீழே. முழங்காலைப் படம் பிடிக்கப் போன ஹட்டன் ஆஸ்பத்திரித் தராசில் பெரியம்மா அந்த வாரம் நூற்றுப் பத்தொன்பது.

தூக்காத ஆயாவை வைத்துக்கொண்டு பிள்ளை மடுவம் நடக்குமா? தூக்குவதற்கு என்று ஒருத்தியைத் தற்காலிகமாகப் போட்டார்கள். அவள்தான் ஜீவராணி. இருபத்திரண்டு வயது, ஹட்டனில் பாலர் பயிற்சி முடித்த சேட்டிபிக்கட், கொழுந்துக் குச்சி மாதிரி உடம்பு. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று நாற்பது படியும் ஓடி ஏறுவாள். பெரியம்மா பால் காய்ச்சுவார், பாட்டுப் பாடுவார், ஏணைக் கயிற்றை உட்கார்ந்தபடியே இழுப்பார். பிள்ளை கை நீட்டினால் ஜீவராணி தூக்கிப் போய்விடுவாள். முதலில் பெரியம்மாவைப் பார்த்துக் கை நீட்டிய பிள்ளைகள், ஆறே மாதத்தில் நேராக ஜீவராணியைப் பார்த்து நீட்டப் பழகிவிட்டன. பிள்ளைகளுக்கு என்ன, தூக்குகிற கை எதுவோ அதைத்தான் தெரியும்.

போதாததற்கு ஜீவராணி சாப்பிடுவாள். காலையில் நான்கு தேங்காய் ரொட்டி, மேலே மிளகாய் இடித்த கட்டச்சம்பல். பத்து மணிக்கு அவித்த கிழங்கு. மத்தியானம் மலை மாதிரிச் சோறு. ஒரு கிராம்கூட எடை ஏற மாட்டாள். பெரியம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "அது எங்கடி போகுது? கால் வழியா எறங்கி ஆத்துக்குப் போயிருதா?" என்று என்னிடம் கேட்பார். நானும் என்னால் ஆனதைச் செய்தேன். ஜீவராணியின் செருப்பில் ஒன்றை ஒளித்து வைத்தேன். தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்புப் போட்டேன். அவள் முழுவதையும் குடித்துவிட்டு, பெரியம்மாவுக்கு வயசாகிவிட்டது, டப்பா மாறிவிட்டது போல, இதைச் சொல்லி அவர் மனசை நோகடிக்காதே என்று எனக்கே புத்தி சொன்னாள்.

இந்த நிலைமையில்தான் கோயம்புத்தூரிலிருந்து பேச்சு வந்தது. பெரியம்மாவின் அண்ணன் கணேசமூர்த்தி எண்பதுகளில் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா போனவர். அவருடைய மகனுக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் அறையில் வேலை. வயிற்றுப் பையை வெட்டிச் சின்னதாக்குகிற ஒப்பரேசன் ஒன்று இருக்கிறது, சீனி வருத்தமும் குறையும், அத்தையை அனுப்புங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னான். தோட்டத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. வயிற்றை வெட்டினால் மனுசி எப்படி இருப்பாள் என்று கேட்டார்கள். பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: நூறுக்குக் கீழே வருமா? வரும் என்றார்கள். சித்திரைக் கடைசியில் போனார். ஒப்பரேசன் அன்று நூற்று இருபத்தொன்று. ஆனியில் திரும்பி வந்தபோது கழுத்து என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

வந்த நேரம் இங்கே ஒரு செய்தி காத்திருந்தது. மேற்கணக்குப் பிள்ளை மடுவத்துக்கு இனி ஓர் ஆயாதான் நிரந்தரம். புரட்டாசிக் கடைசியில் தீர்மானம். பெரியம்மா பிள்ளை தூக்கலாம் என்று டொக்டர் ஐயா எழுதிக் கொடுத்தால் அவர், இல்லாவிட்டால் ஜீவராணி. பெரியம்மாவின் பேர் வெட்டுப்படும். ஆக மூன்று மாதத்தில் நூறைத் தொட வேண்டும்.

சனிக்கிழமை தராசு அப்படித்தான் தொடங்கியது. நிறுக்கிறவர் சிவசாமி கணக்கப்பிள்ளை. இருபத்தாறு வருடமாகக் கொழுந்து நிறுக்கிற கை. தராசின் முள் அவர் பக்கம்தான் பார்த்திருக்கும். அவர் சொல்கிறதுதான் எடை. முதல் சனிக்கிழமை கொட்டுகிற மழை. பெரியம்மா ஏறினார். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து, புத்தகத்தில் எழுதி, "நூத்தி எட்டு" என்றார். அடுத்த வாரம் நூற்று ஆறு. அதற்கடுத்த வாரம் நூற்று நான்கு. பெரியம்மாவைப் பிடிக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு வருகிற திரிபோஷாச் சத்துமா உருண்டையை ஜீவராணி தின்பதைப் பார்த்துக்கூட, தின்னட்டும், வளருகிற வயசு என்று பெரிய மனசு காட்டினார்.

அந்தப் பெரிய மனசு இருபது நாள்தான் இருந்தது. நான்காம் வாரமும் நூற்று நான்கு. ஐந்தாம் வாரமும் நூற்று நான்கு. கணக்கப்பிள்ளை சொல்வதற்கு முன்பே கொழுந்துக்காரப் பெண்கள் வாய்க்குள் சொல்லிவிடுவார்கள். நூத்தி நாலு. மேற்கணக்கில் சின்னப் பிள்ளைகள் எண்ணிப் பழகும்போதுகூட நூற்று மூன்றுக்குப் பிறகு ஒருமுறை நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். ஆறாம் வாரமும் அதே.

அவர் ஏமாற்றியிருந்தால் பரவாயில்லை. கோயம்புத்தூரில் எழுதித் தந்த தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். காலையில் இரண்டு முட்டையின் வெள்ளை. மத்தியானம் மசித்த பருப்பு நான்கு கரண்டி. மோர். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் மடக்கு மடக்காக. அரை மணி நேரம் மென்று நான்கு கரண்டி பருப்பை முடிப்பார். எதிரே ஜீவராணி நான்காவது ரொட்டியைச் சுருட்டிக் கடைசிச் சம்பலை வழித்துக்கொண்டிருப்பாள். முடித்துவிட்டு, "அக்கா, ஒங்களுக்கு எவ்வளவு பொறுமை" என்பாள். கேலி இல்லை. மனசாரச் சொல்வாள். அதுதான் பெரியம்மாவுக்கு ஆகவில்லை.

ஏழாம் சனிக்கிழமை மழை விட்டு நல்ல வெயில். பெரியம்மா ஏறினார். கணக்கப்பிள்ளை கொஞ்சம் தயங்கினார்.

"நூத்தி அஞ்சு."

மடுவத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரியம்மா செருப்பைப் போட்டுக்கொண்டார். இடது கால் செருப்பை வலது காலில் போட்டுக்கொண்டு எங்கள் வரிசை வீடான லயம் வரை நடந்தார். நான் பார்த்தேன், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஒரு நாள் நல்ல பகிடி.

அன்று இரவிலிருந்து முட்டையை நிறுத்தினார். பிறகு பருப்பை நிறுத்தினார். மூன்று நாள் பாலும் சீனியும் போடாத சாயத் தண்ணியும் மாத்திரையும்தான். அவருடைய முட்டையை எனக்குத் தந்துவிட்டு, வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றார். நானும் தின்றேன். அதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

புதன்கிழமை பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க வருகிற நேரம். படிக்குக் கீழே வந்து நின்று கூப்பிட்டால் ஜீவராணி குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அன்று அவள் ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஏணையில் கிடந்த ஏழு மாதக் குழந்தை சிணுங்கியது. பெரியம்மா குனிந்தார். குழந்தை அவரைப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பி ஜீவராணியைத் தேடிக் கை நீட்டியது. அவ்வளவுதான். பெரியம்மா அதை வாரித் தூக்கிக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. பன்னிரண்டாம் படியில் கண் இருட்டியது. நல்ல வேளை, விழவில்லை. சுவரோடு சாய்ந்து, குழந்தையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, அப்படியே வழுகி உட்கார்ந்தார். ஜீவராணி ஈரக் கையோடு ஓடி வந்து குழந்தையை வாங்கித் தாயிடம் கொடுத்தாள். தாய் பதறிக் கேட்டபோது, படியில் தண்ணீர் சிந்தியது தன் தவறு, அக்கா வழுக்கிவிட்டார் என்று சொன்னாள். டொக்டர் ஐயாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு பெரியம்மாவின் வேலை முடிந்திருக்கும். ஜீவராணிக்கு நிரந்தரமாகியிருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

பின்னேரம் லயத்து வாசலில் பெரியம்மா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒல்லியா இருக்கா, சரி. திங்கிறது ஒட்டல, சரி. புள்ளைங்க அவகிட்ட ஓடுது, அதுவும் சரி. நல்லவளாவும் இருக்காளேடி. அதத்தான் என்னால தாங்க முடியல."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டார். ஜீவராணியின் எடை எவ்வளவு இருக்கும்? இரண்டு வருடமாக இவ்வளவு தின்கிறவள் கூடாமலா இருப்பாள்? சேலையில் மறைக்கிறாள். அவளைத் தராசில் ஏற்ற வேண்டும், எப்படியாவது. அது என் பொறுப்பு.

இது எனக்குப் பிடித்த மாதிரியான வேலை. எட்டாம் சனிக்கிழமை திரும்பவும் மழை. பெரியம்மா தராசில் ஏற மாட்டேன் என்று ஓரமாக நின்றார். நான் ஜீவராணியை, கொழுந்து மடுவத்தில் உன்னை யாரோ தேடுகிறார்கள் என்று பொய் சொல்லிக் கூட்டி வந்தேன். வந்ததும் பெண்களைக் கிளப்பிவிட்டேன். இந்தப் பிள்ளை காற்றில் பறந்துவிடுமா என்று ஏற்றிப் பாருங்கள் என்று. ஆளுக்கு ஆள் தள்ளி, சிரித்து, அவளைப் பலகையில் ஏற்றிவிட்டார்கள். பெரியம்மா தூணுக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டினார். கழுத்து இருந்ததால் முடிந்தது.

கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், எழுதினார். "நாப்பத்திரெண்டு" என்றார்.

பெரியம்மாவின் முகம் அவிந்த கிழங்கு மாதிரி ஆனது.

ஜீவராணி இறங்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "ஐயா, காலையிலதான் டிஸ்பென்சரியில நிறுத்தாங்க. நாப்பத்தஞ்சு இருந்துச்சே."

கணக்கப்பிள்ளை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே பதில் சொன்னார். "சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு. கழிச்சிட்டேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. பேனா நின்றது.

வெளியாருக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடைக்கு ஒரு கிலோ கழிப்பார்கள். மழை நாளில் இலையோடு ஒட்டிய தண்ணீருக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை கழிப்பார்கள். எவ்வளவு மழை, எவ்வளவு கழிவு என்பது கணக்கப்பிள்ளையின் மனசு. வெயில் நாளில் சாக்குக்கு மட்டும். அதற்காகப் பெண்கள் அவரோடு சண்டை போடாத நாள் இல்லை. இருபத்தாறு வருடம் கழித்த கை. பலகையில் என்ன ஏறினாலும் கழிக்கும்.

முதலில் சிரித்தது நாகலெட்சுமி, எங்கள் மலையில் கொழுந்து எடுப்பவள், அவரோடு தினமும் தண்ணிக் கழிவுக்குச் சண்டை போடுகிறவள். "அடக் கடவுளே, மனுசிக்கே தண்ணி கழிச்சிருக்காரு" என்றாள். பிறகு மடுவமே சிரித்தது. பெரியம்மா மட்டும் தூணை விட்டு வெளியே வந்து, கணக்கப்பிள்ளைக்கு முன்னால் நின்றார்.

"எனக்கும் கழிச்சீங்களா?"

கணக்கப்பிள்ளை புத்தகத்தைப் புரட்டினார். பாவம், மனுசனுக்குக் காது சிவந்துவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் கழிவு எவ்வளவு என்று எழுதியிருந்தது. திருப்பிக் கூட்டினோம். முதல் வாரம் நூற்று எட்டு என்றது உண்மையில் நூற்றுப் பதினொன்று. பெருமழை பெய்த அடுத்த இரண்டு வாரமும் நான்கு நான்கு கழித்திருந்தார். நூற்றுப் பத்து, நூற்று எட்டு. பிறகு நூற்று ஏழு, நூற்று ஏழு, நூற்று ஆறு. வெயில் அடித்த அந்த ஏழாம் வாரம், ஊரே வாயடைத்துப்போன நூற்று ஐந்தில், சாக்குக்கு ஒன்று மட்டும் கழிவு. உண்மையில் நூற்று ஆறு. கூடவில்லை.

கூடவில்லை என்பது சந்தோசம். ஆனால் நூற்று நான்கு என்று நினைத்துக்கொண்டிருந்தது நூற்று ஆறு. நூறு இரண்டு கிலோ பின்னுக்குப் போய்விட்டது. சிரிப்பதா அழுவதா என்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. பலகையில் உட்கார்ந்து இரண்டையும் செய்தார். ஜீவராணி பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா ஒரு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். படியில் நடந்ததை மறைத்தவள் இதை மறைக்கவில்லை. பெரியம்மா அவளை எரிக்கிற மாதிரி பார்த்தார். பெண்கள் விடவில்லை. நான்கு பேர் சேர்ந்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனோம்.

படியில் நடந்தது தவிர எல்லாக் கதையையும் பரமலிங்கம் ஐயா கேட்டார். கணக்கப்பிள்ளையின் கழிவுக் கதை வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பது அப்படித்தான். பிறகு சொன்னார், ஒப்பரேசன் முடிந்து சில வாரத்தில் எடை இறங்காமல் நிற்பது எல்லாருக்கும் வருகிற ஒன்று, கோயம்புத்தூரில் உங்களோடு படுத்திருந்தவர்களுக்கும் இப்போது நின்றிருக்கும் என்று. முதல் வாரங்களில் சடசடவென்று இறங்கியதில் பாதி உடம்பில் இருந்த தண்ணீர். பிறகு உடம்பு பயந்துபோய்த் தண்ணீரைப் பிடித்துவைக்கும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கும், முள் காட்டாது.

"நீங்கள் பட்டினி கிடந்தா உடம்பு இன்னும் பயப்பிடும். கொழுப்பை விட்டிட்டுச் சதையைக் கரைக்கும். பிறகு என்னத்தால பிள்ளையைத் தூக்கிறது? முட்டையைச் சாப்பிடுங்கோ. பருப்பைச் சாப்பிடுங்கோ. நடவுங்கோ. அந்தத் தராசை மாசத்துக்கு ஒருக்காப் பாத்தாப் போதும்."

அப்படியானால் இறங்குகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று பெரியம்மா கேட்டார். அளவு நாடாவால் இடுப்பைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார் ஐயா. டிஸ்பென்சரியில் இருந்தது பிள்ளைகளின் கையை அளக்கிற நாடா. அது பெரியம்மாவின் முழங்கையைக்கூடச் சுற்றவில்லை. எல்லாரும் மரியாதையாக அதைச் சுருட்டி வைத்தோம்.

திங்கட்கிழமை பிள்ளை மடுவத்தில் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. பெரியம்மா சுவரைப் பார்த்தபடி முட்டையின் வெள்ளையை மென்றுகொண்டிருந்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பூட்டு விளையாட்டுப் போடச் சொன்னேன். ஒப்பரேசனுக்குப் பிறகு யாரும் அதை விளையாடவில்லை, வயிறு நோகும் என்று ஜீவராணி தடுத்து வைத்திருந்தாள். நான்கு பேர் கை கோத்துச் சுற்றினார்கள். பூட்டு விழுந்து, கயிறு தொங்குகிற மாதிரி மிச்சம் தொங்கியது. ஒருத்தனை விலக்கினேன். மூன்று பேர். நான்கு வயதுத் திலக்ஷன் அந்தப் பக்கத்துப் பிள்ளையின் விரலை எட்டிப் பிடித்தான். நுனி விரல்தான், ஆனால் பிடித்தது. பெரியம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து, தன் வயிற்றுக்கு முன்னால் கோத்திருந்த அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தார்.

"மூணு பேருதானா?" என்று கேட்டார். "எண்ணு."

எண்ணினேன். இரண்டாவது தடவையும் எண்ணச் சொன்னார். பிறகு மீதி முட்டையையும் தின்றார்.

அதற்குப் பிறகு தராசு மாதத்துக்கு ஒன்று, பூட்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆனது. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுச் சங்கு ஊதினதும் பெரியம்மா கீழ்க்கணக்கு வளைவு வரை நடந்து திரும்புவார். ஜீவராணியின் ரொட்டியைப் பார்க்காமல் இருக்க முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகினார். பொறாமை குறைந்தது என்று சொல்ல முடியாது. இடம் மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான். பூட்டில் திலக்ஷனின் பிடி விரல் நுனியிலிருந்து உள்ளங்கை வரை வந்தது.

புரட்டாசிக் கடைசி வந்தது. முதல் நாள் கொழுந்துத் தராசில் ஏறினார். கணக்கப்பிள்ளை இரண்டு கையையும் மேசைக்கு மேலே வைத்து எல்லாருக்கும் காட்டிவிட்டு, பெண்களையே முள்ளைப் பார்க்கச் சொன்னார். நூற்று இரண்டு. நூறுக்குக் கீழே வரவில்லை. மறுநாள் டிஸ்பென்சரித் தராசிலும் முள் போய்க் கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. டொக்டர் ஐயா தாளை எடுத்தார். ஜீவராணி அந்த ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அது இப்போது ஒன்பது மாதமாகியிருந்தது. எடை எட்டுக் கிலோ.

பெரியம்மா தராசிலிருந்து இறங்கவில்லை. "புள்ள, அதக் குடு" என்றார்.

ஜீவராணி ஐயாவைப் பார்த்தாள். பிறகு கொடுத்துவிட்டாள். குழந்தை முதலில் நெளிந்தது. பழைய மடியின் வாசம் எங்கேயோ மிச்சம் இருந்திருக்க வேண்டும், தலையைச் சாய்த்துக்கொண்டது.

"ஐயா, அன்னைக்கு படியில விழுந்தப்ப நான் மட்டும் நூத்திப் பத்தொம்பது. இன்னைக்கு நானும் இந்தப் புள்ளயும் சேந்தே நூத்திப் பத்துதான். இந்த முட்டி என்னையத் தனியா சொமந்ததவிட இப்ப ரெண்டு பேரையும் சொமக்கிறது லேசு. கணக்கப்புள்ள ஐயாவோட கழிவு இல்லாம சொல்றேன்."

பரமலிங்கம் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். குழந்தையோடு டிஸ்பென்சரிப் படியில் ஏறி இறங்கச் சொன்னார். பெரியம்மா ஏறினார், இறங்கினார், மூச்சு வாங்கவில்லை. ஐயா தாளில் எழுதினார். கைக்குழந்தை மட்டும் தூக்கலாம். நடக்கிற பிள்ளையைத் தூக்கக் கூடாது. படியில் ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும். ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கப்படும்.

மேற்கணக்கு பெரியம்மாவுக்கு நின்றது. ஜீவராணிக்கும் தெருவில் நிற்கிற நிலை வரவில்லை. கீழ்க்கணக்குப் பிள்ளை மடுவத்து ஆயாவுக்கு வயது முடிந்ததால் அவளை அங்கே போட்டார்கள். போன அன்று திலக்ஷன் பகல் முழுவதும் ஜீவராணி அக்கா எங்கே என்று கேட்டு அழுதான். நடக்கிற பிள்ளை என்பதால் தூக்கவும் முடியாது. பெரியம்மா தரையில் உட்கார்ந்து அவனை மடியில் ஏற்றினார். மடி குறைந்துவிட்டது, கால் தொங்குகிறது என்று அவன் அதற்கும் அழுதான்.

"பாருடி" என்றார் பெரியம்மா என்னிடம். "போயும் விடல அவ."

மறுநாள் காலை நடைக்குப் போகும்போது ஒரு பொட்டலத்தைக் கீழ்க்கணக்குக்குக் கொண்டு போனார். என்ன என்று பிரித்துப் பார்த்தேன். ஆறு தேங்காய் ரொட்டி, ஒரு சிரட்டை கட்டச்சம்பல். இப்போதும் தினமும் போகிறது. ஏன் என்று கேட்டால், "அங்க போயாவது ரெண்டு சுத்து சதை போடட்டும் அவ" என்கிறார். போன சனிக்கிழமை நான் கீழ்க்கணக்குக்குப் போய் விசாரித்தேன். ஜீவராணி நாற்பத்தைந்துதான். பெரியம்மாவிடம் நாற்பத்தேழு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.